வெட்டு

பெர்னதெத் எழுதும் வாள்சண்டையை அவளுடைய இளம் வாசகர்கள், புத்தகத்தோடு வரும் சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கள் உடம்பிலேயே உணர்வார்கள். அதற்கு முதலில் அவள் அதை உணர்ந்தாக வேண்டும். பதிப்பகம் அவளுக்குக் கொடுத்த பதிவுச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுதினால், வரியில் விழும் அடி அவள் மேல் விழும். ரத்தம் வராது, வலி மட்டும் பதிவாகிப் பதிப்பகத்துக்குப் போகும். ஐந்தாவது நாவலில் நாகப்படை எறிந்த ஈட்டி இன்னும் அவள் இடது தோளில் நிற்கிறது. அவள் கணவன் சேவியர் அந்தப் பக்கமாக அவளை அணைப்பதில்லை.

அன்று காலை எடிட்டர் கோகுலவாசன் போன் செய்தார்.

“கதை இழுக்குது மேடம். இளவரசியோட தங்கச்சியை வெட்டிடுங்க.”

“சின்னப் பொண்ணு சார் அது.”

“பசங்களுக்கு அவளைப் பிடிக்கல. வெட்டுங்க மேடம்.”

பெர்னதெத் ஒரு துண்டைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். சிறுமியின் கழுத்தென்றாலும், ஒரே வீச்சில் தலை விழுந்தது என்று எழுதினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதனால் கோடரி எலும்பில் சிக்கியது. பிடுங்கி மறுபடி இறங்கியது. வாயிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அலறல் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த சேவியர், கத்தரிக்கோலால் சட்டையைக் கிழித்து அவளை வெளியே இழுத்தான்.

சாயங்காலம் மறுபடி போன் வந்தது.

“ஐயையோ மேடம், அந்தப் பாத்திரமே வேண்டாம், எடுத்துடுங்கன்னுதான் சொன்னேன்! நீங்க கோடரியால…” கோகுலவாசன் தடுமாறினார். பிறகு அவர் குரல் தெளிந்தது.

“ஆனா இப்பதான் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். பிரமாதம், இதுவே இருக்கட்டும். அந்த அலறல்தான் கொஞ்சம் நீளம். அதை மட்டும் வெட்டிடுங்க.”