முக்கால் இஞ்ச்

“அஞ்சு கதவுக்கு, அடிச்சந்தை அடைக்க நாலு சீல்தான் வாங்குறாரு, பாருங்க பாய்!” கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டாள் ஸ்வர்ணலதா.

மயிலாப்பூரில் நூர் முஹம்மதுவின் ஹார்டுவேர் கடை. சுயம்புலிங்கம் மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

“வாசக்கதவுக்கும் பாத்ரூமுக்கும் ரப்பர். ரெண்டு ரூமுக்கு பிரஷ் வெச்சது. வெலையைப் பார்த்துப் போடுங்க.”

“அஞ்சாவது கதவுல எவ்ளோ கேப் கீது அண்ணாச்சி?”

“முக்கால் இஞ்ச்.”

“முக்கால் இஞ்சா? கரப்பான் இன்னா, எலியே குடும்பத்தோட வந்துடும்! அதுக்குத்தான் மொதல்ல போடணும்.”

“வேணாம்னா விடுங்க பாய்!”

ஸ்வர்ணலதாவுக்குக் கண் கலங்கியது. “அது எம் பொண்ணு ஜெயலக்ஷ்மி ரூம் பாய். புருஷன் வீட்டுல சண்டைன்னு வந்து நிக்கிறா. ‘ஏன் வந்தே’ன்னு இவர் போட்ட சத்தத்துல கதவைச் சாத்தினவதான். ஒம்பது நாளா அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலை. அந்தக் கோவத்தைக் கதவுல காட்டுறாரு.”

நூர் முஹம்மது இன்னொரு பிரஷ் சீலைப் பையில் போட்டார். “இது ஃப்ரீ. நம்ம பொண்ணுக்கு.”

கொசுறு கேட்காமல் கீரைகூட வாங்காத மனுஷன், அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

“கல்லு மனசு,” என்றாள் ஸ்வர்ணலதா.

வீட்டுக்கு வந்தவர் நேராக மகள் அறை வாசலுக்குப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கடலை பர்பி ஒன்றை எடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளினார்.

ஸ்வர்ணலதா பையும் கையுமாக அப்படியே நின்றாள். மறந்தே போயிருந்தது. ஜெயலக்ஷ்மி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தது. அப்பா திட்டினால் கதவைச் சாத்திக்கொள்வாள். அவருக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது, பர்பிதான் போகும். கோபம் தீர்ந்தால் பாதி திரும்பி வரும். கல்யாணம் வரைக்கும் அப்படித்தான்.

“நீ சமையல்கட்டுல இருக்கும்போதெல்லாம் தள்ளிப் பார்த்துட்டேன். துளி திரும்பலை,” என்றார் கதவைப் பார்த்தபடியே. “இதையும் அடைச்சிட்டா எப்படிடீ?”

உள்ளே காகிதம் பிரிகிற சத்தம்.

முக்கால் இஞ்ச் சந்தில் ஒரு துண்டு வெளியே வந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேலேயே இருந்தது.

“பாதிதானே பேச்சு?” என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்பது நாளுக்கப்புறம் முதல் வார்த்தை வந்தது.

“மீதி கொசுறுப்பா.”