டீசல் மூடியில் ஒரு பொலித்தீன்

தர்மபுரம் சந்தியில் நெல்மூட்டைகளோடு அந்தப் பழைய பிக்கப் மூன்றாம் முறையாகக் குலுங்கி நின்றுவிடுகிறது. மேற்கே வானம் கறுத்து வருகிறது. டீசல் மூடியைப் பொலித்தீனால் சுற்றி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருப்பதை மெக்கானிக் கிருசாந்தன் பார்க்கிறான். அதை அவிழ்த்து மூடியைத் திருகியதும் டீசல் தாங்கி உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிறது. “காத்துப் போற ஓட்டையை அடைச்சால் டீசல் எப்பிடி ஐயா ஏறும்?” “டீசலுக்கு நாள்கணக்கா வரிசையில நிண்ட காலத்துப் பழக்கம், தம்பி. களவெடுத்துப் போடுவாங்கள். நேற்றுத்தான் புதுப் பொலித்தீன் சுத்தினனான்,” என்கிறார் வண்டிக்கார அப்புத்துரை. “இப்ப ஆர் களவெடுக்கப் போறாங்கள்?” அவர் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சீராக ஓடுகிறது. முதல் மழைத்துளி மூட்டையில் விழுகிறது. கிருசாந்தன் வீசியெறிந்த பொலித்தீனை அப்புத்துரை இறங்கி வந்து எடுக்கிறார். துடைத்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைக்கிறார்.