சாய்ந்த படகு

கணவர் லியனார்ட் இறந்தபின் யூஜினா நுவரெலியா ஏரிக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஈஸ்டர் முடிந்த திங்களன்று இருவரும் வருஷா வருஷம் படகேறிய பழைய மரப் படகுத்துறையைக் காணோம். கண்ணாடிக் கடைகளும் பிளாஸ்டிக் அன்னப் படகுகளும்தான் இருந்தன. ஒரு படகில் ஏறி இடப்பக்கம் உட்கார்ந்தாள். படகு வலப்பக்கம் சாய்ந்தது.

"அக்கா, நடுவுல ஒக்காருங்க," என்றான் படகுக்காரன்.

லியனார்ட் கனத்த ஆள். மரப்படகு எப்போதும் அவர் உட்காரும் வலப்பக்கம்தான் சாயும். சுற்று முடிந்தாலும் லேசில் இறங்கமாட்டார். இன்னொரு சுற்று கேட்பார்.

கரை வந்ததும் யூஜினா இறங்கினாள். வெறும் படகு சாய்ந்தபடியே நின்றது.

"எறங்குங்க, கந்தப்பளை பஸ் போயிரும்," என்று மெதுவாகச் சொல்லிப் படகின் வலப்பக்கம் கையை நீட்டினாள்.

பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. படகு நிமிரவில்லை.