எழுத்தில்லாத மூலை

ஆஸ்பத்திரி டோக்கன் மெஷின் அரை நிமிஷம்தான் பொறுக்கும். நான் நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்ற கட்டட வேலைக்காரன். ஒரு வரியைக் கூட்டிப் படிப்பதற்குள் திரை முதல் பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கு டோக்கனை நிறுத்திவிடுவார்கள். என் வீட்டுக்காரி ராக்கு மூச்சு வாங்கியபடி தூரத்துப் பெஞ்சில் சாய்ந்திருந்தாள்.

"என்னய்யா, பரீட்சையா எழுதுற?" என்று வரிசையில் ஒருவன் கத்தினான்.

எனக்கு அடுத்து நின்றவர் கண் தெரியாதவர். "சத்தமாப் படிங்கண்ணே. விட்ட எடத்துலேருந்து படிங்க, முன்னாடி உள்ளதை நான் ஞாபகம் வச்சிருக்கேன்" என்றார்.

மூன்றாவது தடவையில் வரி முடிந்தது: நோயாளியின் விரலைக் கீழே உள்ள கண்ணாடியில் வைக்கவும்.

"அவளால நடக்க முடியாதே. தூக்கிட்டு வர்றதுக்குள்ள இது போயிருமே!"

"தொட்டுக்கிட்டே இருந்தா போகாதுல்ல? வேற எதுவும் அமுங்கிராம, எழுத்தில்லாத மூலையா பாத்து என் விரலை வைங்க."

வைத்துவிட்டு ஓடினேன். ராக்குவைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால், வரிசை அவரை நெட்டித் தள்ளுகிறது. உடம்பு அலைபாய்ந்தாலும் விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அது இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.