பட்டர் வாயில் முட்டை வாசனை

“ஐயரே, கொஞ்சம் வாயத் தொறந்து ஊதுங்க!”

புரட்டாசி சனிக்கிழமை. பெருமாள் சன்னதி வாசலில் வைத்தே கேட்டுவிட்டார் தர்மகர்த்தா முத்துவேல். தீர்த்தத்துக்குக் கை நீட்டியிருந்த ஊரே திரும்பிப் பார்த்தது.

ஜானகிராம பட்டர் ஊதினார். முத்துவேல் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“கேட்டுக்கோங்க! முட்ட நாத்தம்! நாமெல்லாம் கருவாட்டுச் சட்டியப் பரணுல ஏத்தி வெச்சிக்கினு கீறோம். இவரு இன்னாடான்னா…”

“நாத்தம் வாஸ்தவம்தான். முட்டை சத்தியமா தின்னலை.”

“அப்ப வேற இன்னா துன்னீங்க?”

பட்டர் பெருமாளை ஒரு பார்வை பார்த்தார். “அதை மட்டும் கேக்காதே முத்துவேலு.”

“அப்ப கோயில் சாவியக் குடுங்க.”

அவர் அப்பா காலத்துச் சாவி. இடுப்பிலிருந்து அவிழ்க்கும்போது பட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அப்போதும் காரணம் சொல்லாமல் சாவியைத்தான் நீட்டினார் மனுஷன்.

அதற்குள் முத்துவேலின் அம்மா ஆதிலட்சுமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“டேய், அது முட்ட இல்லடா, மாத்திர! என் கிட்னிக்கு நீ வாங்கியாந்தியே, அதான்!”

மடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, யாரோ வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் போட்டாள். பொசுபொசுவென்று நுரைத்தது. முட்டை நாற்றம் குப்பென்று கிளம்ப, முன்வரிசை பக்தர்கள் பின்வரிசைக்கு ஓடினார்கள்.

“கிட்னிக்குள்ள துரு மாரி புடிக்குதாம். இது தடுக்கலாம்னு டாக்டர் குடுத்தாரு. பெருமாள் மாசத்துல இந்தக் கருமத்த எப்டிக் குடிக்கறது? தூக்கிப் போடறதுக்கு முந்தி ஐயர ஒரு வார்த்த கேட்டேன். ‘எனக்கும் அதே வியாதிதாம்மா, நானும் இதான் குடிக்கறேன்’னாரு. அதிலேந்து தெனம் காலைல அவரு வூட்லதான் ரெண்டு பேரும் குடிக்கிறோம்.”

முத்துவேல் பட்டரைத் தூண் ஓரமாக அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க சாமி. கிட்னி நோவுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பேனா? நாளைக்கே காஞ்சிபுரத்துக்கு, பெரிய டாக்டராண்ட இட்டுனு போறேன்.”

பட்டர் ஆதிலட்சுமி நின்ற பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“மெதுவாப் பேசு, உங்கம்மா காதுல விழுந்துடப் போறது. பெருமாள் எதிர்ல பொய் சொல்ல வரலை, அதான் வாயை மூடிண்டு நின்னேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லப்பா. நான் குடிச்சாத்தான் அவங்க குடிக்கறாங்க.”