பச்சை வட்டம்

“ஆள் இந்த வட்டத்துக்குள்ளதான் இருக்கார். கடை திறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும் அசைய மாட்டார். இந்தத் தடவை தப்பிக்கவே முடியாது” என்றாள் அவள், கணினித் திரையில் ஒரு சிவப்பு வட்டத்தை விரலால் தட்டி.

வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார். “போலீசுக்குச் சொல்லிட்டீங்களா மேடம்?”

“போலீஸ் எதுக்கு? என் வீட்டுக்காரர்தான்.”

சுகாதார அலுவலகத்தில் அவளுக்கு ‘மேப் மேடம்’ என்று பெயர். இலவசச் சர்க்கரைப் பரிசோதனை வேன் ஊரில் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று மென்பொருளை வைத்து முடிவு செய்வது அவள் வேலை. பரிசோதனைக் கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்களைச் சுற்றி அது பச்சை வட்டம் போடும். அவர்கள் எப்படியும் போய்ப் பார்த்துக்கொள்வார்கள் என்பது அதன் கணக்கு. தள்ளி இருப்பவர்கள் சிவப்பு. அவர்களைத் தேடித்தான் வேன் போகும்.

ஊரிலேயே அசல் பச்சை, அவள் அலுவலகம் இருக்கும் கட்டடம். கீழ்த்தளத்திலேயே பரிசோதனைக் கூடம் இருந்தது. நல்ல அடர்ந்த சிவப்பு என்றால் பேருந்து நிலையத்தின் பின்தெரு. அங்கேதான் அவள் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

மனிதர் நழுவுவதில் மன்னன். “லேப் எங்கேயோ இருக்கு, கடையை யார் பார்க்கறது?” என்பார். போன வாரம், “மெஷின் இப்பதான் சூடாகி ஒழுங்கா ஓடுது, பாதியில விட்டுட்டு வந்தா கோவிச்சுக்கும்” என்றார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. அவள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிய வந்தபோது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. முன்னாலேயே ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருந்தால் அம்மா இன்னும் இருந்திருப்பாள் என்று அவள் நினைக்காத நாள் இல்லை. வீட்டில் இன்னோர் ஆளை அப்படிப் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை.

நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “வேன் என் கடை வாசலுக்கு வரட்டும். நீயும் கூட வந்து பக்கத்துல நிக்கணும். அப்ப பார்த்துடலாம்.”

மென்பொருள் வேனுக்குக் காட்டிய இடம் பின்தெருவின் அந்தக் கோடி. அதை அவள் சத்தமில்லாமல் கடை இருந்த இந்தக் கோடிக்கு நகர்த்தினாள். சிவப்புக்குள்தானே இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. மேலதிகாரி, “அது ஏம்மா ஜெராக்ஸ் கடை வாசல்?” என்று கேட்டபோது, “நிழல் இருக்கு சார்” என்று முகம் மாறாமல் சொன்னாள்.

வேன் வந்து நின்றதும் தெருவே திரண்டது. நகல் எடுக்க வந்தவர்களும் வரிசையைக் கண்டால் நிற்கிற பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்திருந்த அக்கா, “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்லி விரலில் குத்திக்கொண்டிருந்தாள்.

கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலை மேப் மேடம் வழியிலேயே காலி செய்திருந்தாள். கடைக்குள் போய்க் கணவரின் பாட்டிலையும் எடுத்துக் கடகடவென்று குடித்தாள்.

“மெதுவா. அதுல எனக்கும் ஒரு வாய் மிச்சம் வை.”

“பேச்சை மாத்தாதீங்க. எழுந்திருங்க.”

“இந்த ஒரு பக்கம் மட்டும் எடுத்துக் குடுத்துட்டு வந்துடறேன்.”

ஒரு பக்கம் ஒன்பது பக்கமானது. அவள் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வரிசை கரைந்து, பரிசோதனை நாற்காலியும் காலியானது. வேறு வழியில்லாமல் அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

“உக்காருங்க” என்றாள்.

“உக்காரலாம். ஒரே ஒரு சந்தேகம். உன் மேப்புல உங்க ஆபீஸ் என்ன கலர்?”

“பச்சை. கீழேயேதான் லேப் இருக்கே.”

“அப்ப மாடியில இருக்கறவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க, இல்ல?”

“பின்ன? படி இறங்கினா முடிஞ்சுது.”

“நீ எப்போ பார்த்தே?”

அவளுக்கு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் கடந்துபோகிற படிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அந்தக் கேள்வியை இவர் முன்பு எத்தனையோ தடவை கேட்டதும், ‘கீழதானே இருக்கு, எங்கே ஓடிடப் போகுது’ என்று அவள் அவர் வாயை அடைத்ததும் கூடவே வந்தன. கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அதிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் புது ஊசியைப் பிரித்தாள். சிரிப்பை அடக்கியதில் அக்காவின் தோள் குலுங்கியது.

கணவர் நாற்காலியை மனைவியின் பக்கம் திருப்பிப் போட்டார்.

“எனக்குப் போன மாசமே அக்கா பார்த்துட்டாங்க, ஒண்ணுமில்ல. நீ உக்காரு.”