அத்தான் நாக்கு

ஃபிரிட்ஜின் அடித்தட்டில், தக்காளிக்குப் பின்னால், கறுப்புப் பையில் சுற்றிக் கிடந்தது அந்த பீர் பாட்டில்.

அனுசியா ஃபிரிட்ஜ் கதவைச் சட்டென்று சாத்தினாள். அடுத்த அறையில்தான் அப்பா சோணைமுத்து படுத்திருக்கிறார். மில்லுக்குப் போன காலத்திலிருந்தே குடித்த மனுஷர். போன ஆடியில்தான் கருப்பசாமி கோயிலில் இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணி, கையில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இந்த ராஜபாளையத்து வீட்டில் இருமல் டானிக்கைக்கூட அவள் பீரோவில் வைத்துத்தான் பூட்டுகிறாள். கயிறு கட்டியவர் தொட்டால் சாமி குத்தம். அது கிடக்கட்டும், ஒரு வாய் உள்ளே போனால் அப்பா மறுபடி நிறுத்தப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்குள் பாட்டில்.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். காலையில்தான் பெங்களூரிலிருந்து தம்பி கௌதம்ராஜ் வந்திறங்கினான். அங்கே, தாங்களே பீர் காய்ச்சித் தாங்களே ஊற்றிக் கொடுக்கிற கடை ஒன்றில் காய்ச்சுகிற வேலை அவனுக்கு. அப்பாவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். சொந்தக்காரர்கள் அன்றைக்கே சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் ஊத்திக் கொடுக்கிறவன், அப்பனுக்கு மட்டும் கயிறு கட்டிவிடுதானாம்.

"ஏலே, இங்க வா."

வந்தான். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. பெங்களூர்த் துரை.

"அப்பா கையில என்ன கட்டியிருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. இது அத்தானுக்கு."

இது வேறா என்று ஆகிவிட்டது அவளுக்கு. கல்யாணம் காட்சியில் யாராவது வற்புறுத்தினால் ஒழிய அவள் வீட்டுக்காரர் பாண்டிதுரை அதைத் தொடுகிறவரில்லை.

கௌதம் பொறுமையாக விளக்கினான். இத்தனை வருஷமாய் மாம்பழம், காப்பிக்கொட்டை, கருப்பட்டி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டுக் காய்ச்சிப் பார்த்தாயிற்றாம். இப்போது அவனைப் போன்றவர்கள் எல்லாம் பழையபடி ஜெர்மன்காரன் முறைக்கே திரும்புகிறார்களாம். வைக்கோல் நிறத்தில் வெறும் லாகர் பீர். பார்லி, கசப்புக்கு ஒரு பூ, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். குளிரில் வாரக்கணக்காய் அது பாட்டுக்குக் கிடக்க வேண்டும்.

"மாம்பழம் போட்டா தப்பெல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும்க்கா. இதுல ஒளிய இடமில்ல. அடுத்த வாரம் கடையில ஊத்தணும்ங்காரு முதலாளி. அங்க உள்ளவன் அம்புட்டுப் பேரும் சூப்பர்ங்கான். எனக்கு நொட்டை சொல்ற நாக்கு வேணும்."

அந்த விஷயத்தில் பாண்டிதுரையை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவா லேசாய் அடிப்பிடித்திருக்கிறது என்று, அதைச் சொல்வதற்காகவே திரும்ப பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தவர். கல்யாணமான நாளாய் அவள் வைத்த சாம்பார் ஒன்றுகூட அந்த நாக்கில் பாஸானது கிடையாது.

அவரும் கொல்லைப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்துவிட்டார். புரட்டாசி பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவர் இதைத் தொடலாமா என்று அனுசியா கேட்டாள்.

"பார்லி தானியந்தானட்டி," என்றார்.

கௌதம் டம்ளரில் ஊற்றினான். நுரை அடங்கும்வரை மூக்கருகே வைத்து மோந்துகொண்டே நின்றான். பிறகு அத்தானிடம் நீட்டினான்.

ஒரு வாய். பாண்டிதுரை கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

"எல்லாம் சரிதான் மாப்ளே. முழுங்கின பொறவு வெண்ணெய் வாசம் ஒண்ணு நாக்குலயே நிக்குதே."

கௌதமுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கும் மூக்குல லேசாப் பட்டுச்சு அத்தான். நெசமா, பிரமையான்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் கிடந்தா போயிரும்." அங்கேயே நின்று பெங்களூருக்குப் போன் போட்டு, டேங்கைத் திறக்க வேண்டாம் என்று சொன்னான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அனுசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ காய்ச்சினதை நீ குடிச்சுப் பார்க்க வேண்டியதுதானலே? அதுக்கு எம் புருஷன்தான் கிடைச்சாரா? கயிறு கட்டின மனுஷன் படுத்திருக்கிற வீடு இது. வாசம் பிடிச்சு அவிய எந்திரிச்சு வந்தா என்ன செய்வே?"

கௌதம் பாட்டிலைக் கறுப்புப் பையில் சுற்றத் தொடங்கினான்.

எழுந்து வந்தேவிட்டார். கொல்லை வாசற்படியில் அப்பா நின்றார். அவர் கண் டம்ளரில் இருந்தது. அதில் பாதி மிச்சமிருந்தது.

அவர் மெள்ள வந்து டம்ளரைக் கையில் எடுத்தார். செத்த நேரம் பார்த்தார். அப்படியே முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார்.

"அவனை ஏன் தாயி ஏசுதே? அவன் சட்டைக் கையை ஏத்திப் பாரு."

கௌதம் கையைப் பின்னால் இழுத்தான். அனுசியா விடவில்லை. பட்டனைக் கழற்றி மேலே ஏற்றினாள். வாட்சுக்கு மேலே, அப்பா கையில் இருப்பது போலவே சாயம் வெளுத்துப்போய், ஒரு சிவப்புக் கயிறு.

"நீ காய்ச்சிக்கிட்டே இருப்பே, நான் மட்டும் நிப்பாட்டணுமாலேன்னு கோயில்ல வெச்சுக் கேட்டேன்," என்றார் சோணைமுத்து. "எனக்கு முந்தி பூசாரிகிட்ட அவன் கையை நீட்டிட்டான்."